கந்தகம் தாங்கும் மதர்போர்டு

போன வாரம் அண்ணன் மகன் கார்த்தி அனுமந்தன்பட்டியிலிருந்து போன் செய்தான். கல்யாண வீடியோ எடிட் செய்யும் தொழில் தொடங்கப்போகிறானாம். அதற்குத் தோதான கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி அவனே பூட்டப்போகிறான். "சித்தப்பா, பிராசசர், ராம் எல்லாம் முடிவு பண்ணிட்டேன். மதர்போர்டுதான் கொழப்புது. நம்பி வாங்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்றான். கையோடு ஏழெட்டுப் படங்களை வாட்ஸப்பில் தள்ளிவிட்டான். எல்லாமே திருவிழா சீரியல் செட்டு மாதிரி சிவப்பும் நீலமுமாக மின்னின.

நான் படங்களைப் பார்க்கவில்லை. "போர்டு கெடக்கட்டும். எங்கன வைக்கப்போற?" என்று கேட்டேன். பையன் சிரித்துவிட்டான். சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நம்பகமான போர்டு எது என்று யார் கேட்டாலும் எனக்கு மூக்கில் கந்தக நெடி ஏறும். எனக்கு மட்டும் வந்த வியாதி அது.

படித்து முடித்துச் சும்மா திரிந்த என்னை, உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த முத்தையா அண்ணன்தான் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். கடை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றை ஷட்டர். கேட்பவர்களுக்குக் கேட்ட மாதிரி கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்போம். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு டீக்கடைக்குப் போவதில் எனக்கு ஒரு பெருமை. டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொள்வதில்லையா, அப்படி.

மதுரைக்குப் போய் அண்ணன்தான் சரக்கு எடுப்பார். போர்டு எடுக்கிற விஷயத்தில் மட்டும் மனிதர் லேசில் மசியமாட்டார். கையில் ஏந்திக் கனம் பார்ப்பார். கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பார். கடைக்காரன் நொந்துபோய், "பொண்ணு பாக்க வந்தீகளா, போர்டு எடுக்க வந்தீகளா?" என்பான். அண்ணன் அசரமாட்டார். "பொண்ணு வீடாவது சமாதானம் பேசும்ப்பா. இது செத்துச்சுன்னா ஊரே என்னையத்தான் வையும்" என்பார். அப்படி எடுத்து வந்த போர்டுகள் இந்தப் பள்ளத்தாக்கின் கரண்டையும் இடியையும் ஆடிக்காற்றுப் புழுதியையும் தாங்கின. எங்கள் கடைக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

ராயப்பன்பட்டி ஸ்டெல்லா அக்கா அந்தப் பெயரை நம்பித்தான் வந்தார். புருஷன் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டவர். டைப்ரைட்டிங் தெரியும். கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் புதுநன்மை விழாக் கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் வடிவமைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம். அவருடைய அண்ணன் அந்தோணி, பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர். வீட்டின் பின்பக்கம் தோட்டச் சாமான் வைக்கும் அறையில் பாதியைத் தங்கைக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். மீதிப் பாதியில் மருந்தடிக்கும் பம்பும், கொடிக்குச் சாம்பல் நோய் வராமல் தூவுகிற கந்தகப் பொடி மூட்டைகளும் கிடந்தன. திராட்சைக்காரர் வீடுகளில் அது சாதாரணம். எங்கள் யார் கண்ணிலும் அது உறுத்தவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் முதல் போர்டு போய்விட்டது. மாற்றிக் கொடுத்தோம். அடுத்ததும் போனது. எர்த் சரியில்லை என்றேன், கரண்ட் சரியில்லை என்றேன், யுபிஎஸ்ஸை மாற்றினேன். மதுரை முழுக்கத் தேடிப்பிடித்து அண்ணன் வாங்கிவந்த உயர்ந்த ரகப் போர்டை மூன்றாவதாக மாட்டினோம். அப்போது ஒருநாள் ஸ்டெல்லா அக்கா காலை நீட்டிக் காட்டி, "இங்கன உக்காந்து உக்காந்து கொலுசெல்லாம் கறுத்துப்போச்சு, பாரு தம்பி" என்றார். "ஒடம்புச் சூடுக்கா. மோர் நெறையக் குடிங்க" என்று வைத்தியம் சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளி கறுத்தால் உடம்புச் சூடு என்றுதான் எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும்.

மூன்றாவதும் செத்தபோது முத்தையா அண்ணனே வந்தார். கேபினட்டைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்தார். செம்புக் கோடுகளின் மேலும் பாகங்களின் கால்களைச் சுற்றியும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக என்னவோ படர்ந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார், அக்காவின் கொலுசைப் பார்த்தார், பிறகு மூலையிலிருந்த மூட்டைகளைப் பார்த்தார்.

"கந்தகம் ஆத்தா. இதோட காத்து செம்பையும் வெள்ளியையும் அரிக்குது. மூட்டைய அங்கிட்டு எடுக்கச் சொல்லுங்க, சரியாப் போகும்."

அக்காவின் முகம் செத்துவிட்டது. வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "அவுக ரூம்ண்ணே இது. எனக்கு எடங் குடுத்ததே பெருசு. மதினி இப்பவே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காக. மூட்டைய எடுன்னு நா எந்த வாயால சொல்றது? சொன்னா மூட்டை போகாது, நாந்தான் போகணும்" என்றார். பிறகு மிகவும் மெதுவாக, "இதத் தாங்குற மாதிரி ஒரு போர்டு இல்லையாண்ணே?" என்று கேட்டார்.

நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தோணி அண்ணன் தோட்டத்திலிருந்து வந்துவிட்டார். கெட்டவரில்லை, ஆனால் முன்கோபி. "திரும்பவும் போச்சா? என்னாதாம்ப்பா கோளாறு?" என்று கத்தினார். ஸ்டெல்லா அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முத்தையா அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "எங்க போர்டு மட்டம்ண்ணே. அடைசல்ல வச்சாத் தாங்காது. தெருப்பக்கம் காத்தோட்டமா ஒரு எடம் இருந்தா ஓடும்" என்றார்.

கனம் பார்த்து எடுத்த மனிதர், தன் வாயால் தன் சரக்கை மட்டம் என்கிறார்! "மட்டமான சரக்க என் தங்கச்சி தலையில கட்டுனீகளா?" என்று அந்தோணி அண்ணன் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. வைதுகொண்டே மேசையின் ஒரு தலையைப் பிடித்துத் தூக்கி, தெருவைப் பார்த்த முன் அறைக்கு அவரே கொண்டுபோனார். தங்கை கேட்டிருந்தால் மூட்டைகளையும் அப்படியே தூக்கியிருப்பாரோ என்னவோ. யாருக்குத் தெரியும்? பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண், அப்படி நம்பிக் கேட்டுப் பார்த்துவிட முடியாது.

நாலாவது போர்டு முன் அறையில் வருஷக்கணக்காக ஓடியது. எங்கள் பெயர்தான் ஓடவில்லை. கோயில் வாசலிலும் டீக்கடையிலும் அந்தோணி அண்ணன் சொல்லித் தீர்த்தார். கம்ப்யூட்டர் லேபுக்கு எங்களிடம் பேசி முடித்திருந்த ஒரு பள்ளிக்கூடம் பின்வாங்கியது. கடையில் ஈ ஓட்டினோம். "உண்மையச் சொல்லிருவோம்ண்ணே" என்று நான் குதித்தேன். "சொல்லி? மூட்டையக் குத்தம் சொன்னதா மதினிகிட்ட பேச்சு வாங்கி, அந்தப் பிள்ள மறுபடி மூட்டைக்குப் பக்கத்துல போய் உக்காரவா? பேசாம இரு" என்றார். அவருக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. மதுரைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். போர்டைக் கையில் எடுத்தாலும் முன்னைப்போல் கனம் பார்க்கவில்லை.

எனக்கு அக்காமேல் ஆத்திரம் வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டத்தோடு வந்தவர், எதிரில் என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடந்துபோனார். பின்னால் வந்த அந்தோணி அண்ணன்தான், "என்னப்பா, யாவாரம் எப்பிடி?" என்று சிரித்தார்.

கடையை மூடினோம். முத்தையா அண்ணன் குமுளிப் பக்கம் ஒரு ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போனார். நான் தேனிக்கு வந்துவிட்டேன். சில வருஷங்களுக்கு முன் அவர் அங்கேயே இறந்துபோனார். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதனால் முகம்கூடப் பார்க்கவில்லை.

நேற்று கார்த்தி போர்டு வாங்கிக்கொண்டு வந்தான். உறையைப் பிரித்ததும் அதே புது வாசனை. கனம் பார்த்தேன். இரண்டுபேரும் உட்கார்ந்து பூட்டிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "சித்தப்பா, நீங்க மொத வேல பாத்த கட மட்டமான போர்டு போட்டு ஏமாத்துச்சாமே? பத்திரிக டிசைன் விஷயமா ராயப்பன்பட்டி போயிருந்தேன். அந்தோணி பெரியப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாக. முன் ரூம்ல ஸ்டெல்லா அத்தை வேல பாத்துக்கிட்டு இருந்தாக. அவுக மட்டும் எந்திரிச்சு உள்ள போயிட்டாக."

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் விற்கிறார்கள். அந்தோணி அண்ணனின் திராட்சைப் பந்தல் போய் பிளாட் கல் நட்டிருக்கிறது. மூட்டைகள் இல்லை, கந்தகம் இல்லை, முத்தையா அண்ணனும் இல்லை. அந்தக் கெட்ட பெயர் ஒன்றுதான் இத்தனை மழையையும் இடியையும் தாங்கி நிற்கிறது. அக்காவும் அந்த முன் அறையில்தான் இன்னும் இருக்கிறார்.

கார்த்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நெசமா சித்தப்பா?"

"ஆமாப்பா" என்றேன். "எங்க போர்டு மட்டம்தான்."