மூன்று பாட்டு நேரம்

என் ஓரகத்தியை அவள் புருஷன் அடிக்கிறான் என்று ஊருக்குள் முதலில் சொன்னவள் நான்தான். அது பொய் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் பேச்சு எங்கள் தெருவைத் தாண்டி டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன புதிது. கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு கிராமம். ரூபாய்க்குப் படி அரிசி என்று சுவரில் எழுதியது மழையில் பாதி கரைந்து, பாதி கரையாமல் இருந்த காலம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடித்தனம். என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். குளத்தில் குளிக்கும்போது அக்காவின் கைகளிலும் தொடையிலும் நீலமாகக் கன்றிப்போன இடங்களைப் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றி, குங்குமத்தை உதறிவிட்ட மாதிரி பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். அக்காவின் புருஷன், என் மூத்தார், வாயைத் திறக்காத மனிதர். வாயைத் திறக்காதவர்கள் கையை நீட்டுவார்கள் என்று அப்போது எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மற்ற நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று என் அம்மா சும்மா சொல்லவில்லை.

விஷயம் அக்காவின் காதுக்குப் போயிற்று. மறுநாள் குளத்தங்கரையில் பெண்கள் எல்லாரும் இருக்கும்போது சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள்.

"நல்லா பாத்துக்குங்க. எங்க இடிச்சுக்கிட்டேன்னு எனக்கே தெரியல. கதவு பட்டாலும் இப்படித்தான் கன்னிப்போவுது. அந்த மனுஷன் ஒரு நாளும் என் மேல கை வச்சதில்ல. அவரப் பேசாதீங்க."

அவ்வளவுதான். துணியை அலசத் தொடங்கிவிட்டாள். யார் கிளப்பிவிட்டது என்று கேட்கவே இல்லை. நான் முகத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் குறுவை நடவில்தான் அவளுக்கு மூக்கில் ரத்தம் வருவதை முதல்முறை பார்த்தேன். வரிசையில் எனக்குப் பக்கத்தில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். சேற்றுத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவளாகவே எழுந்து வரப்பில் போய் உட்கார்ந்தாள். வயல் முழுக்க, "அண்ணாந்து பாரு! அண்ணாந்து பாரு!" என்று ஒரே கூச்சல். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும், தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், சுட்ட வெங்காயத்தை மோந்து பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த வைத்தியம் அது. காரணமும் எல்லாருக்கும் தெரியும். உடம்புச் சூடு. நானோ, இடுப்பு ஒடிகிற நேரம் பார்த்துச் சரியாக வருகிறதே இந்த ரத்தம், நல்ல சாக்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அரை மணி அண்ணாந்தே இருந்தவள், அப்படியே சரிந்து, விழுங்கின ரத்தத்தையெல்லாம் வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்த பிறகு சாக்கு என்று நினைத்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஆரம்பித்தது உச்சி வெயில்வரை நிற்கவில்லை. மூத்தாரும் நானுமாகத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். ரத்தம் உறைவதற்கென்று ரத்தத்திலேயே தட்டணு என்று ஒன்று இருக்கிறதாம், அது இவளுக்கு ரொம்பக் குறைவாம், இவள் உடம்பே அதை அழித்துவிடுகிறதாம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. இனிமே அண்ணாந்து பாக்கவே கூடாது. நிமிந்து உக்காந்து முன்னால சாஞ்சுக்குங்க. மூக்கோட மெத்துன பாகத்த ரெண்டு விரலால இறுக்கிப் புடிங்க. வாயால மூச்சு விடுங்க. வாய்க்கு வர்ற ரத்தத்தத் துப்பிடுங்க. பத்து நிமிஷம். நின்னுடுச்சான்னு நடுவுல விட்டுப் பாக்கக் கூடாது. விட்டா மறுபடியும் முதல்லேருந்து. அதுக்கும் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வயல்ல கடியாரம் ஏதுங்கம்மா? பத்து நிமிஷம்னு எப்படித் தெரியும்?"

டாக்டரம்மா சிரித்தார். பதிலை அக்காவே கண்டுபிடித்தாள். திரும்பி வரும்போது தஞ்சாவூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். தலைக்கு மேலே பெரிய கடிகாரம். "ஏண்டி, நடவுப் பாட்டு ஒண்ணு எடு" என்றாள். நடவில் பாட்டெடுப்பது நான்தான். ஊரிலேயே எனக்குத்தான் தொண்டை அதிகம். அதற்காக ஸ்டேஷனிலா? மாட்டேன் என்றேன். விடவில்லை. மழைப் பாட்டைப் பாடினேன். சோம்பேறி மாப்பிள்ளைப் பாட்டைப் பாடினேன். வெற்றிலை கேட்கிற பாட்டையும் பாடினேன். போர்ட்டர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். மூத்தார் எங்களோடு வராதவர்போலத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டார். அக்கா மூக்கைப் பிடித்தபடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் கையை எடுத்தாள். "பத்து நிமிஷம். அதுக்கு மேல கொஞ்சம். சரியா இருக்கு" என்றாள். பள்ளிக்கூடமே போகாதவள் அவள். எட்டாவது பாஸ் செய்த எனக்கு அது தோன்றவில்லையே என்று பொறாமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவளுடைய நடைமுறையே மாறிற்று. பல் விளக்கச் செங்கல் பொடி கிடையாது. விரலால் மெதுவாகத் தேய்ப்பாள். முறுக்கு, சீடை பக்கம் போக மாட்டாள். மூக்குக்குள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். இடுப்பு வலிக்கு எல்லாரும் டீக்கடையில் வாங்கி விழுங்குகிற தலைவலி மாத்திரையை அவள் தொட மாட்டாள். அது ரத்தத்தை உறையவிடாதாம், டாக்டரம்மா அதை மட்டும் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். பயிர் கீறாமலிருக்க மூத்தாரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினாள். "கலெக்டரு வர்றாரு" என்று கேலி செய்தார்கள். இன்று எங்கள் பக்கத்து நடவில் ஆம்பளைச் சட்டை போடாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையில் அவள் முகம் உப்பிப்போனது. மாமியார் நல்லா சோறு போடுறா என்று ஊர் மெச்சியது. மாமியாரும் மறுக்கவில்லை.

மூக்கில் ரத்தம் வந்தால் வரப்பில் போய் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மூன்று விரலைக் காட்டுவாள். நாங்கள் நட்டுக்கொண்டே மூன்று பாட்டுப் பாடுவோம். அவள் எழுந்து வந்து விட்ட இடத்தில் நடுவாள். சில நாள் ஆறு பாட்டும் ஆகியிருக்கிறது. ஒரு நாளும் அழுது நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த வருஷம் கூலித் தகராறு வந்தது. கூலியைக் கூட்டிக் கொடு, உள்ளூர் ஆளுக்கு வேலை கொடு என்று கேட்டு எங்கள் தெரு வேலைக்குப் போகவில்லை. பண்ணை மசியவில்லை. பறித்துப் போட்ட நாற்று முடிகள் வரப்பில் பழுத்துக்கொண்டிருந்தன. எங்கள் அடுப்புகளும் எரியவில்லை. எட்டாம் நாள் காலை பண்ணையின் காரியஸ்தர் ஒரு லாரி நிறைய வெளியூர்ப் பெண்களை நடவுக்குக் கொண்டுவந்தார். சாலையில் போலீஸ் வேன் நின்றது. நாங்கள் முப்பது பெண்கள் வயலுக்குள் இறங்கி மறித்து நின்றோம். ஆண்கள் களத்தில் கூடியிருந்தார்கள். எல்லார் கையிலும் மண்வெட்டி, அரிவாள், கம்பு. அந்த நாளில் அப்படி ஆரம்பித்த சண்டைகள் எங்கே போய் முடிந்தன என்பது கீழத் தஞ்சையில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

முன்னால் நின்றவள் அக்கா. காரியஸ்தர் மடக்கிய குடையை நீட்டி நீட்டிப் பேசினார். "வழிய விடும்மா. யாரு வயலு இது?"

"வயலு ஒங்களுதுதாங்க. வேல எங்களுது" என்றாள் அக்கா.

அவர் குடையை இன்னும் ஒரு தடவை ஓங்கி நீட்டினார். அது அவள் மேல் படவில்லை. ஒரு முழத்துக்கு அந்தப் பக்கமே நின்றது. நான் மூன்றாவது ஆளாக நின்று என் கண்ணால் பார்த்தேன். ஆனால் சரியாக அந்த நேரத்தில் அவள் மூக்கிலிருந்து ரத்தம் குபுக்கென்று இறங்கி, சட்டையின் முன்பக்கம் சிவந்துவிட்டது.

"ஐயோ, அடிச்சிட்டான்! அக்காவ அடிச்சிட்டான்!"

கத்தினது நான்தான். அது என்ன ரத்தம் என்று எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன். எட்டு நாள் பசி, எட்டு நாள் கோபம். அந்தக் குடைக்காரருக்கு ஒரு பாடம் கிடைக்கட்டும் என்று தோன்றியது, வாய் கத்திவிட்டது. களத்திலிருந்து ஆண்கள் ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் என் மூத்தார், கையில் மண்வெட்டியோடு. சாலையில் வேனிலிருந்து போலீஸ்காரர்கள் குதித்து இறங்கினார்கள். லாரியில் இருந்த பெண்கள் அலறினார்கள். காரியஸ்தரின் முகம் வெளுத்துவிட்டது. போட்ட சத்தத்தைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

அக்கா அதற்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மூக்கை விட்டால் முதலிலிருந்து பிடிக்க வேண்டும். அந்த மாதம் தட்டணு ரொம்பக் குறைந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் எழுந்தாள். கையை எடுத்தாள். ரத்தம் உதட்டில் வழிய வழிய, பக்கத்து வயலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"யாரும் என்னை அடிக்கல. இது எனக்கு எப்பவும் வர்ற ரத்தம். நில்லுங்க எல்லாரும்!"

ஓடிவந்த எங்கள் ஆள் ஒருவர் அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "அடிச்சாருன்னே சொல்லும்மா. கேஸ் நிக்கும்" என்றார். அது என் காதில் விழுந்தது.

"அடிச்சா அடிச்சாருன்னு சொல்லுவேன்" என்றாள் அக்கா. அவள் பேசப் பேசப் பல்லெல்லாம் சிவப்பு. "நாம கேக்கறது நாயமான கூலி. அதுக்குப் பொய் எதுக்கு?"

மூத்தார் மண்வெட்டியைக் கீழே போட்டார். போட்டுவிட்டுச் சேற்றிலேயே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவும் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்து, முன்னால் சாய்ந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தி, முப்பது பேரில் என்னைத் தேடிப் பிடித்து, மூன்று விரலைக் காட்டினாள்.

மழைப் பாட்டை எடுத்தேன். முதல் இரண்டடியில் குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. எங்கள் பெண்கள் வாங்கிப் பாடினார்கள். அரிவாளைப் பிடித்தபடி ஆண்கள் நின்றார்கள். மூக்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்காகப் பெண்கள் பாடிக்கொண்டிருக்கும்போது யாரை வெட்டுவது? போலீஸ்காரர்களும் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். இரண்டாவதாகச் சோம்பேறி மாப்பிள்ளைப் பாட்டை எடுத்தபோது லாரிப் பக்கமிருந்து பின்பாட்டு வந்தது. வெளியூர்ப் பெண்களுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. அவர்கள் ஊரில் மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் சோம்பேறி போலிருக்கிறது, எங்களுக்குத் தெரியாத இரண்டு அடி கூடப் பாடினார்கள். எங்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். மூன்றாவது பாட்டு முடிகிறபோது காரியஸ்தர் வாய்க்கால் கரையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா கையை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது. வாய்க்காலில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

"இப்ப கூலிப் பேச்சப் பேசலாங்க" என்றாள்.

அன்றைக்கே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தாலுகா ஆபீசில் இரண்டு தடவை பேசி, கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. லாரி அன்று மத்தியானமே திரும்பிப் போயிற்று. அந்தக் குறுவையில் எங்கள் ஊரில் ஒருவர் தலையும் உடையவில்லை. அதற்குக் காரணம் அவள்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

யார் கத்தியது என்று ஊரில் ரொம்ப நாள் விசாரித்தார்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து யாரோ கத்திட்டாங்க என்று அக்கா முடித்துவிடுவாள். நான் வாயே திறக்கவில்லை. நீளமான வாய்க்கு அது பெரிய தண்டனை.

பல வருஷம் கழித்து, எனக்குச் சத்துணவு மையத்தில் வேலை கிடைத்த பிறகு, அவளை ரத்தப் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போனேன். திரும்பும்போது ஸ்டேஷனில் அதே கடிகாரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு அடிச்சிட்டான்னு கத்துனது நான்தான்."

"தெரியும்டி."

"தெரிஞ்சேதான் கத்துனேன்."

"அதுவும் தெரியும். குளத்தங்கரைப் பேச்சு யாரு கிளப்புனதுன்னும் தெரியும்." மிச்சமிருந்த பன்னை டீயில் முக்கினாள். "ஒன் தொண்டை எனக்குத் தெரியாதா? அவ்வளவு பேரையும் ஓடிவர வச்ச தொண்டை. அதான் பாட்ட ஒங்கிட்டயே குடுத்தேன்."