மூன்றாவது கியரில் கேட்ட தட்டல்

கட்டுக்கதைன்னு நெனைச்சுப் படிக்க வந்தவங்க இப்பவே எழுந்து போயிடலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். இது எனக்கு நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் 5:42ல இருந்து 6:31 வரைக்கும். நேரம் எப்படி இவ்வளவு துல்லியமா தெரியும்னு கேட்பீங்க. லேப்டாப்ல பதிவாகியிருக்கு. அழிக்க மனசு வரல.

அண்ணனும் நானும் சேர்ந்துதான் ஒர்க்ஷாப் நடத்தினோம். ரெண்டே பேர். பொம்பளை மெக்கானிக்கான்னு முகத்தைச் சுளிச்சுக்கிட்டு வர்றவங்க, என் வேலையைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டுப் போவாங்க. அதனால எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. நடந்த எல்லாத்துக்கும் அந்தப் பாழாப்போன திமிர்தான் காரணம்.

வந்தது ஒரு பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார். இருபத்தஞ்சு வயசு. மெதுவா ஓட்டினா சமத்தா போகும். ஆக்ஸிலரேட்டரை நல்லா அழுத்தி, டர்போ காத்தை இன்ஜினுக்குள்ள திணிக்க ஆரம்பிச்சதும் இருமும். டப்... டப்டப்... இழுவையே செத்துடும். மிஸ்ஃபயர்.

அதுக்குப் புது பிளக் நாலையும் மாட்டினது நான். பிளக் முனையில ஒரு நூலிழை இடைவெளி இருக்கும். அதைத் தாண்டித்தான் நெருப்புப் பொறி குதிக்கணும். டர்போ வண்டியில அந்த கேப்பைக் குறைச்சு வெக்கணும், இல்லேன்னா அழுத்தமான காத்துல பொறி அணைஞ்சிடும். அதனால ஒவ்வொரு பிளக்கையும் அளந்துட்டுத்தான் மாட்டணும். நான் அளக்கல. பெட்டியைப் பிரிச்சு அப்படியே மாட்டிட்டேன். அப்புறமும் இருமல் நிக்கல.

அண்ணன் கேட்டார். "கேப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

இத்தனை வருஷம் கழிச்சு என்னைப் போய் இதைக் கேட்கிறதான்னு ஒரு வீம்பு. அவர் தலையாட்டிட்டு வேற இடத்துல தேட ஆரம்பிச்சார். பொறிக்குக் கரண்ட் குடுக்கிற காயிலை மாத்திப் பார்த்தார். பெட்ரோல் பம்ப்பைச் சோதிச்சார். டர்போ குழாய்ல காத்து கசியுதான்னு சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்தார். மூணு நாள் இப்படியே. இருங்க அண்ணா, பிளக்கை இன்னொரு தடவை கழட்டிப் பார்க்கிறேன்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? சொல்லல. மூணாவது நாள் மத்தியானம், இன்ஜின் மேல குனிஞ்சிருந்தவர் அப்படியே சரிஞ்சார். மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.

ஒன்பது நாள் கண்ணே திறக்கல. அண்ணி பக்கத்தை விட்டு நகரல. பேசிக்கிட்டே இருங்க, காதுல விழலாம்னு டாக்டர் சொன்னார். எனக்குச் சொல்ல ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. நான் பொய் சொன்னேன் அண்ணா, அவ்வளவுதான். அண்ணி முன்னாடி அதைச் சொல்லத் துப்பில்ல. தினமும் போவேன், அவர் காலைத் தொட்டுட்டு வந்துடுவேன்.

ஒன்பதாவது நாள் அதுவும் முடியல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டு ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி வந்தேன். அந்தக் காரையாவது சரி பண்ணுவோம்னு தோணுச்சு. பிளக்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி லேப்டாப்பை இன்ஜினோட இணைச்சு ஒரு தடவை ஓட்டிப் பதிவெடுத்தேன். தப்பு என்னோடது இல்லாம இருக்கக்கூடாதான்னு ஒரு நப்பாசை.

5:42. குடோன்களுக்குப் பின்னாடி நேர் ரோடு. ஆள் நடமாட்டம் இல்ல. பக்கத்து சீட்ல லேப்டாப், அதுக்கு பெல்ட் போட்டிருந்தேன். மூணாவது கியர். டர்போ மீட்டர் முள் ஏறுது...

டக்.

டேஷ்போர்டுல, பக்கத்து சீட்டுக்கு நேரா. உடனே வண்டி ஒரு இருமல் இருமுச்சு.

பழைய வண்டி, ஏதோ பிளாஸ்டிக் ஆடுதுன்னு விட்டுட்டேன். மறுபடி அழுத்தினேன்.

டக். இருமல்.

டக் டக். ரெண்டு இருமல்.

அது அண்ணனோட வழக்கம். நான் ஓட்டுவேன், அவர் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மிஸ்ஸுக்கும் டேஷ்போர்டுல ஒரு விரலால தட்டுவார். நான் சிரிப்பேன், தபேலா வாசிக்கிறீங்களான்னு.

ஆனா அவர் மிஸ் ஆனதைக் கேட்டுட்டுத்தான் தட்டுவார். இங்கே தட்டல் முதல்ல வந்தது. மிஸ் அப்புறம்.

5:58. ஓரங்கட்டினேன். இன்ஜினை அணைச்சேன்.

டக்.

சாவியை உருவி மடியில வெச்சேன்.

டக்... டக்...

பக்கத்து சீட் பின்னாடி தள்ளியிருந்தது. அண்ணன் காலை நீட்டி உட்கார்ற அளவுக்கு. நான் தள்ளல.

பயம்தான். இல்லேன்னு சொன்னா அதுவும் பொய். ஆனா அதைவிட, அழுகை முட்டிக்கிட்டு வந்தது.

டக்... டக்...

6:03.

"அண்ணா... நான் கேப் பார்க்கல. பொய் சொன்னேன்."

தட்டல் நின்னுடுச்சு.

ஒர்க்ஷாப்புக்கு எப்படி வந்தேன்னு தெரியல. இன்ஜின் சூடு ஆறக்கூட விடல, கை பொத்துப் போச்சு. கழட்டி அளந்தேன். 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்துல 1.1. நாலு பிளக்கும். கேப்பைக் குறைச்சு மாட்டிட்டு மறுபடி அதே ரோட்டுக்குப் போனேன்.

மூணாவது கியர். முள் ஏறுச்சு. வண்டி ஒரு இருமல் இல்லாம இழுத்துக்கிட்டுப் போச்சு.

தட்டலும் இல்ல. ஒண்ணுமே இல்ல.

6:31. போன் அடிச்சது. அண்ணி.

"வந்துடும்மா. உங்கண்ணன் போயிட்டார்."

நாலு நாள் கழிச்சு அண்ணி என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. அன்னிக்குச் சாயங்காலம் அவர் விரல் திடீர்னு அசைய ஆரம்பிச்சதாம். கட்டில் கம்பியில தட்டினாராம். டாக்டர்கிட்ட காட்டலாம்னு சந்தோஷமா போன்ல வீடியோ எடுத்திருக்காங்க. இருபது நிமிஷம். 5:43ல ஆரம்பிக்குது.

வீட்டுக்கு வந்து லேப்டாப் பதிவோட பக்கத்துல வெச்சு ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் ஓடின வரைக்கும் ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்தது ஒரு மிஸ். ஒண்ணுகூடத் தப்பல.

6:03ல விரல் நிக்குது. அப்புறம் அந்த வீடியோவுல ஒரு குரல்.

"அன்னிக்கே தெரியும்டி."

அண்ணன் குரல். தெளிவா இருக்கு. அவர் வாயில மூச்சுக் குழாய் மாட்டியிருந்தது, வீடியோவுலயே தெரியுது. அது தொண்டைக்குள்ள இருக்கிறப்போ சத்தம் வர வழியே இல்லைன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டார்.

அண்ணி இன்னமும் ராத்திரியெல்லாம் அதையே போட்டுக் கேட்கிறாங்க. நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"என்னை ஒருநாள்கூட அவர் டி போட்டுப் பேசினதில்லம்மா. யார்கிட்ட சொன்னார்? என்ன தெரியுமாம் அவருக்கு?"

அவங்க கண்ணையே பார்த்தேன்.

"தெரியல அண்ணி"ன்னேன்.