றீட்டா டீச்சரின் கண்

பதுளையில் லேப்டாப் திருத்தும் அஸ்ஹருக்குத் தன் கைவேலையில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நமுனுகுல தோட்டப் பள்ளிக்கூடத்து றீட்டா டீச்சரின் பழைய ஆபீஸ் லேப்டாப்பில் மங்கல் திரையைக் கழற்றிவிட்டு, ஃபுல் எச்டி திரை பூட்டியவன் அவன்தான். "இனிப் பளிச்சுன்னு தெரியும், டீச்சர்" என்று பெருமையடித்து அனுப்பினான்.

சில மாதம் கழித்து, லேப்டாப்பும் கையுமாக மவுஸ் வாங்க வந்த டீச்சரின் முகத்தில் புது மூக்குக்கண்ணாடி.

"ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு தம்பி. என் கண்ணுதான் போயிருச்சு. எழுத்தெல்லாம் எறும்பாட்டம் தெரியுது. கண்ணாடி போட்டும் சரிவரல. செவ்வாய்க்கிழமை தவறாம அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏத்துறேன்."

அஸ்ஹருக்குச் சுருக்கென்றது. அந்த மாதிரித் திரை போட்டால் எழுத்து சிறுத்துப்போகும்; செட்டிங்கில் அதைப் பெரிதாக்கிக் கொடுப்பது பூட்டியவன் வேலை. திரையின் அழகில் மயங்கி மறந்தே போயிருந்தான். லேப்டாப்பை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, டீச்சர் பக்கம் திருப்பி வைத்தான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். உடனே சிலுவை போட்டுக்கொண்டார்.

"அந்தோனியாரே! கண்ணைத் திருப்பிக் கொடுத்துட்டீங்களே!"

அஸ்ஹர் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தான்.

"உங்களுக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி ஏத்துறேன் தம்பி."

அதையாவது வேண்டாம் என்றிருக்கலாம். மவுஸுக்குக் காசு வேண்டாம் என்றுதான் சொன்னான்.