தலைப்பிரசவத்துக்கு மலையிறங்கியவள்

சந்தனம் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: கோம்பையில் பிறந்தாள். அதையும் அவளா செய்தாள்? அவள் அம்மா மாரித்தாய் செய்தது.

மாரித்தாயும் அவள் புருஷன் அழகுமலையும் கேரளத்து மலையில், சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மாரித்தாயும் கை நிறைய வளையலோடு மலையிறங்கிக் கோம்பைக்குப் போனாள், பெற்றாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு சந்தனத்துக்கு எல்லாமே மலைதான். அட்டைக்கடி, லயம் என்கிற கூலிக்காரர் வரிசைவீட்டில் ஒற்றை அறை, மலையாளப் பள்ளிக்கூடம், எல்லாம். ஆனாலும் லயத்தில் யாரையாவது எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டன் விட்டு வந்த ஊரைத்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். சக்குபள்ளம் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வராது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் வயிற்றுவலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே சிவப்புத் தண்ணிதான். பக்கத்து வீட்டு வேலுத்தாய் அங்கே பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்று பார்த்தவள் சந்தனம். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள், நர்சாவது என்று. அதுவும் காலேஜில் டிகிரி படித்த நர்ஸ்.

எழுபத்து மூன்றில் கன்னியாஸ்திரீகள் ஹாஸ்டலில் தங்கிப் பிரீடிகிரி பாஸானாள். நர்சிங் காலேஜில் சேர என்னென்ன வேண்டும் என்று அவர்களே விசாரித்துச் சொன்னார்கள். பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும், முடிந்திருந்தது. பயாலஜி படித்திருக்க வேண்டும், நல்ல மார்க். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. பெண் கேட்டு வந்த மாமன் மகனை அழகுமலை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தான். உடம்பில் கோளாறு இருக்கக் கூடாது. மலை ஏறி இறங்கிய உடம்பு, என்ன கோளாறு? மிச்சம் ஒன்றே ஒன்று. இந்த மாநிலத்துக்காரிதான் என்று வில்லேஜ் ஆபீசில் ஒரு நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட். அதென்ன பெரிய விஷயம் என்று அப்பனும் மகளும் கிளம்பினார்கள்.

"ஜனிச்சது எவிடெ?" என்றார் கிளார்க்.

"கோம்பை சார்" என்றாள் சந்தனம், பளிச்சென்று. லயத்துப் பிள்ளை வேறெப்படிச் சொல்லும்?

"அப்போ தமிழ்நாடு. இவிடெ கிட்டில்லா."

"எம்புட்டு வருசமா இங்கதான் சார் கெடக்கோம்" என்று அழகுமலை கையைக் கட்டினான். நிலமுண்டா, வீடுண்டா என்று கேட்டார் கிளார்க். லயம் கம்பெனிக்குச் சொந்தம். அவனுக்கென்று உள்ளங்கை மண்கூடக் கிடையாது.

சரி, கீழே போய்க் கேட்போம் என்று பஸ் ஏறினார்கள். கீழே இருந்த ஆபீசர் சிரிக்காத குறை. "படிச்சது கேரளா, அப்பன் சோறு திங்கிறது கேரளா, சர்ட்டிபிகேட் மட்டும் இங்கயா? மேல போயி வாங்கு, போ." மேலே வந்தால் கீழே போ என்றார்கள். செக்போஸ்டில் நிற்கிற போலீஸ்காரனுக்கே இவர்கள் முகம் பழகிவிட்டது. கடைசித் தேதி வந்தது, போயும் போய்விட்டது. அடுத்த வருஷமும் அதே கதை.

"எதுக்கும்மா கீழ எறங்குன? இங்க பெத்தா நான் வரமாட்டேன்னா சொன்னேன்?" என்று சந்தனம் கத்தினாள்.

"எல்லாரும் போனாங்க, நானும் போனேன். நான் என்னத்தடி கண்டேன்?" மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சந்தனம் ஏலக்காய் பறிக்கப் போனாள். குனிந்த முதுகு குனிந்தபடி வருஷங்கள் ஓடின. அதே தோட்டத்துச் சுருளிவேலுக்கு வாழ்க்கைப்பட்டாள். அழகுமலை ரிட்டயர் ஆனதும் கம்பெனி லயத்தைப் பிடுங்கிக்கொண்டது. பெற்றவர்கள் கோம்பைக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

எழுபத்தொன்பதில் சந்தனத்துக்கு ஏழு மாதம். வளையல் பொட்டலமும் புளிச்சோறுமாக மாரித்தாய் கூட்டிப்போக வந்தாள்.

"நான் வரல. இங்கதான் பெறுவேன்."

"கிறுக்குப் புடிச்சிருக்கா? வேலுத்தாய் போன ஆஸ்பத்திரிடி அது!"

"தெரியும். எனக்கும் பயந்தான். ஆனா எம்பிள்ளைய எவனும் மேலயும் கீழயும் பந்தாடக் கூடாது."

மாரித்தாய் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு பொட்டலத்தை அவிழ்த்து வளையலை மகள் கையில் ஏற்றினாள். கீழே திரும்பிப் போகாமல் மகளோடு தங்கினாள். டிஸ்பென்சரியில் வலி கண்ட நேரம் முழுக்க மகளின் கையை விடாமல் பிடித்திருந்தவளும் அவள்தான். பெண் பிள்ளை, ஆண்டவன் புண்ணியத்தில் இரண்டு உயிரும் தப்பின.

பேர் பதிய தாயும் மகளும் பேத்தியுமாகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார்கள். குழந்தை பிறந்த இடம் எது என்று கேட்டு எழுதிக்கொண்ட கிளார்க், "அம்ம ஜனிச்சது எவிடெ?" என்றார்.

சந்தனம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனைக்கும் பிறகு இதையுமா கேட்பான் பாவி!

"இவிடெ சார். சக்குபள்ளம். நாந்தான் பெத்தேன்."

சொன்னது மாரித்தாய். அத்தனை காலம் தோட்டத்தில் இருந்தும் ஒரு வார்த்தை மலையாளம் பேசாதவள். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதினார், முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் சந்தனம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இம்புட்டுத்தானாம்மா?" என்றாள். "அன்னைக்கும் இந்த ஒத்த ஊருப் பேரைத்தானாம்மா கேட்டாங்க?"