பம்பில் சுற்றிய ஈரத்துணி

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதத்தில், கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற மலைப்பாதையில் நடந்தது இது. அப்போது நான் கூடலூர் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. வாய் மட்டும் வயதை மிஞ்சிய நீளம். வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பாவம், அவர்களும் நம்பியிருந்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம் பக்கம். பதினைந்து வருஷம் அங்கேதான் ஸ்டீயரிங் பிடித்தேன். சித்திரை வெயிலில் கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கினால் இன்ஜின் அனலாகக் கொதிக்கும். பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகி, வண்டி திணறித் திணறி நின்றுவிடும். அதற்கு எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் செய்வோம். ஒரு துணியை நனைத்து பம்பின் மேல் சுற்றிவிடுவோம். பம்ப் குளிர்ந்ததும் வண்டி கிளம்பிவிடும். காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிய கையோடு பம்புக்கு ஈரத்துணி சுற்றுவது எனக்குப் பழக்கமாகிப்போனது. வீட்டுக்காரியின் ஊர் கூடலூர் என்பதால் அந்த வருஷம்தான் வண்டியோடு அங்கே குடிபோனேன். அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. டிக்கியில் தண்ணீர் கேனும் ஒரு பித்தளைச் சொம்பும் எப்போதும் இருக்கும்.

கூடலூர் மழை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆடியில் துவைத்துப் போட்ட வேட்டி ஆவணியில்தான் காயும் என்று என் மாமியார் சொல்லுவார். பிசுபிசுவென்று பெய்துகொண்டே இருக்கும். தேயிலை பாக்டரிப் பக்கம் போனால் அந்த ஈரத்திலும் வறுபட்ட தூள் வாசனை மூக்கைத் துளைக்கும். இன்றைக்கும் எங்காவது டீத்தூள் டப்பாவைத் திறந்தால் எனக்கு அந்த ரோடும், கண்ணாடியில் வைப்பர் தேய்க்கிற சத்தமும்தான் ஞாபகம் வரும்.

அந்த ஆடியில் என் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும், ஸ்டீயரிங்கிலிருந்து சீட் வரைக்கும் உதறும். மிதிக்க மிதிக்க இழுவை குறையும். மேட்டில் இரண்டாவது கியரிலேயே முக்கிக்கொண்டு கிடக்கும். ஸ்டாண்டில் இதை மிஸ்ஸிங் என்போம். ப்ளக் மாற்றினேன். பாயின்ட் மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்கில் போய்ச் சண்டை போட்டேன். பங்க்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கூடலூரில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். நல்ல கைக்காரர். மலையாளம் கலந்துதான் பேசுவார். அவரிடம் மூன்று முறை வண்டியை விட்டேன். மூன்று முறையும் பானெட்டைத் திறந்து, எல்லாவற்றையும் பார்த்து, ஓட்டிக் காட்டி, "வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அவர் பாஷையில் குழப்பம் என்றால் கோளாறு என்று அர்த்தம். வண்டிக்குக் குழப்பம் இல்லை, எனக்குத்தான் குழப்பம் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வருவேன். மறுநாள் காலையில் மறுபடி உதறல் தொடங்கிவிடும்.

கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பம்ப்தான் சூடாகிறது. கொட்டுகிற மழையில், ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டுகிற குளிரில் பம்ப் எப்படிச் சூடாகும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசித்தால்தானே. துணியை இன்னும் பெரிதாக்கினேன். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிய இடத்தில் இரண்டு சொம்பு ஊற்றினேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா ஸ்டாண்டுக்கு ஓடிவந்தார். அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். தேவாலா பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். கொழுந்து பறிக்கும்போது நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஓடி, அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் பையை அணைத்திருந்தார்.

விஷயம் இதுதான். அவர் மகளுக்கு ஊட்டியில் நர்ஸ் பயிற்சிக்கு அன்றைக்கு நேர்முகத் தேர்வு. முதல் நாளே போய் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தது அந்தப் பெண். காலையில் பையைத் திறந்தால் நகல்கள் மட்டும் இருக்கின்றன. ஒரிஜினல் மார்க் சீட் வீட்டு ட்ரங்குப் பெட்டியிலேயே தங்கிவிட்டது. அழுதுகொண்டே எஸ்டேட் ஆபீஸுக்கு ஃபோன் போட்டிருக்கிறது. மதியம் ஒரு மணிக்குள் ஒரிஜினலைக் காட்டாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களாம். அம்மா கூடலூர் வருவதற்குள் ஊட்டி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் ஒரு மணிக்குள் போய்ச் சேராது.

ஸ்டாண்டில் அப்போது என் வண்டி ஒன்றுதான் நின்றது. உதறுகிற வண்டி என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சொல்ல விடவில்லை. "ஏறுங்க, பன்னெண்டரைக்கு ஊட்டியில எறக்கி உடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. அந்த அம்மா தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இலங்கையிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். அந்த மகளைச் சின்னக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இங்கேயும் வரிசையாக ஒட்டிக் கட்டிய அதே லயத்து வீடு, அதே கொழுந்து. தலையைக் குனிந்து, முடியை ஒதுக்கி உச்சியைக் காட்டினார். கூடைக் கயிறு பதிந்து பதிந்து அந்த இடத்தில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. "இந்தத் தடம் எம்மகளுக்கு வேணாம்ணே, அவ்ளோதான்" என்றார்.

ஏற்றம் தொடங்கியதும் உதறலும் தொடங்கியது. நடுவட்டம் போகிற அந்தப் பாதையில் வளைவுக்கு மேல் வளைவு. மிதித்தால் வண்டி குலுங்குகிறதே தவிர ஏறவில்லை. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. நான் இறங்கி, பானெட்டைத் தூக்கி, பம்பில் சுற்றியிருந்த துணியின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். பத்து நிமிஷம் காத்திருந்து கிளம்பினேன். இரண்டு வளைவு தாண்டவில்லை, முன்னைவிட மோசம். மறுபடி இறங்கினேன், மறுபடி ஊற்றினேன். மூன்றாவது முறை நிறுத்தியபோது மணி பதினொன்றரை. நடுவட்டமே இன்னும் வரவில்லை.

அந்த அம்மாவும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மழைக் கொழுந்து வந்தா பாக்டரியில மொதல்ல ஈரத்தத்தான் ஆத்துவாங்கண்ணே. ஈரத்தோட போட்டா மெசினு திணறும். நீங்க ஏன் திணறுற மெசினுக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளே பயம் இருந்தால் கோபம் சீக்கிரம் வரும் என்று இப்போது தெரிகிறது. "ஏனுங்க, கொழுந்து கிள்றது உங்க வேல, வண்டி பாக்கறது என்ற வேல. செத்த சும்மா நில்லுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. பையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஊட்டிப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். ஊட்டி இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அது அவருக்கும் தெரியும். சும்மா நிற்க முடியாமல்தான் நடந்தார்.

நான் சொம்பும் கையுமாக நின்றேன். ரப்பர் செருப்பு தண்ணீரை வாரி அவர் சேலை முழுக்கச் சேறடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அந்த ஆத்திரத்தில் பம்பில் இருந்த துணியைப் பிடுங்கி ரோட்டோரத்தில் வீசினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. துணியிலிருந்து வழிந்த தண்ணீர், பக்கத்தில் ப்ளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் முத்து முத்தாக நின்றது. அதிலிருந்து போகும் வயர்களெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ப்ளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் ஈரத்தோடு ஈரமாக வெளியே கசிந்துகொண்டிருந்தது. சும்மா ஓடும்போது எப்படியோ சமாளித்துக்கொள்ளும். மிதித்துப் பாரம் கொடுத்தால் ப்ளக் பற்றாது, வண்டி உதறும்.

மேட்டுப்பாளையம் வெயிலில் பத்தே நிமிஷத்தில் காய்ந்துவிடுகிற துணி, இந்த மழையில் காயவே இல்லை. பாய் மூன்று முறையும் துணியை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வேலை பார்த்திருக்கிறார். அதனால்தான் அவர் கையில் ஒழுங்காக ஓடியது. மறுநாள் காலையில் நானே பயபக்தியோடு நனைத்துக் கட்டியிருக்கிறேன். வண்டி திணறத் திணற இன்னும் ஊற்றியிருக்கிறேன். வியாதியைக் கொடுத்தவனே வைத்தியமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

துடைக்கலாம் என்றால் காய்ந்த துணி வேண்டுமே. என் சட்டை, துண்டு, டிக்கியில் கிடந்த பழந்துணி எல்லாமே நனைந்திருந்தன. உதறுகிற வண்டியை அப்படியே உருட்டிப் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் நிறுத்தினேன். "நீங்க சொன்னதுதானுங்க சரி. தப்பு என்ற மேல. காஞ்ச துணி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அந்த முதல் இரண்டு வாக்கியத்தைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். அந்த மலையில் அப்போது ஈரம் படாத துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்க் சீட்டைச் சுற்றியிருந்த மகளின் பழைய ஊதாத் தாவணி. வண்டிக்குள் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, கையை உதறி, ஊதி ஊதி ஈரம் ஆற்றி அந்தக் காகிதத்தை வெளியே எடுத்தார். வெறும் பைக்குள் அதை வைத்து மடித்து மடியில் அழுத்திக்கொண்டார். தாவணியை என்னிடம் நீட்டினார். சற்று முன் அவரைச் சும்மா நில்லுங்கள் என்று சொன்னவன் நான்.

மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் துடைத்தேன். வயர்களை ஒவ்வொன்றாக உருவி உருவித் துடைத்தேன். சாவியைத் திருப்பி மிதித்தேன். உதறல் இல்லை. இரண்டு வாரமாக நான் கேட்காத சத்தத்தோடு வண்டி மேட்டில் பாய்ந்தது. நடுவட்டம், பைக்காரா எல்லாம் எப்போது போயின என்று தெரியவில்லை. வழி முழுக்க அவர் வாய் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது அந்தக் கட்டடத்தின் கேட்டில் நிறுத்தினேன். நனைந்த கோழிக்குஞ்சு போல ஒரு பெண் படியில் நின்றிருந்தது. அம்மா இறங்கி ஓடிய வேகத்தில் செருப்பு ஒன்று வண்டியிலேயே விழுந்துவிட்டது. மகள் காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுவதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஸ்டாண்டுக்கு வந்தார். மகள் பயிற்சியில் சேர்ந்துவிட்டதாம். இந்தக் கதையை நானே வாய்விட்டு ஊரெல்லாம் சொன்னதில் எனக்கு "ஈரத்துணி" என்றே பட்டப்பெயர் விழுந்திருந்தது. அதைச் சொல்லித்தான் ஸ்டாண்டுப் பையன்கள் அவரை என்னிடம் அனுப்பினார்கள். தாவணியைத் துவைத்து வைத்திருந்தேன். வண்டி மசிக்கறை மட்டும் போகவில்லை. கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே, "வச்சுக்கங்கண்ணே. ஆனா நனைச்சிடாதீங்க" என்றார்.

வண்டியை விற்று வெகு காலமாகிவிட்டது. தாவணி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதிலிருந்து ஒரு சொலவடையே பிறந்துவிட்டது. நான் ஏதாவது பிடிவாதம் பிடித்தால், "தண்ணி ஊத்தறீங்க பாருங்க" என்பாள் வீட்டுக்காரி. போன வருஷம் மகனோடு ஒரு மனத்தாங்கல். அவன் பேச்சைக் குறைக்கக் குறைக்க நான் புத்திமதியைக் கூட்டிக்கொண்டே போனேன். ஐந்து மாதம் அவனிடமிருந்து ஃபோனே இல்லை. ஒரு நாள் சட்டை தேடும்போது அந்த ஊதாத் துணி கையில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே நானே அவனை ஃபோனில் கூப்பிட்டு, "தப்பு என்ற மேலதான் கண்ணு" என்றேன். அந்த வாக்கியம் இந்த முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

இப்போதெல்லாம் எது திணறினாலும், யார் திணறினாலும், முதலில் என் கையில் சொம்பு இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொள்கிறேன்.