கணுக்காலைப் பிடித்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என் உடம்பில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் மதுமதி. இளம்பிள்ளையில் சேலை மடிக்கும் வேலை. இடுப்பில் டிஸ்க் பிதுங்கி, தொடை நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். உட்கார்ந்தே வேலை செய்ததால் வந்தது என்று அவரிடம் சொன்னேன். உண்மையில், என் கணவர் குணசீலன் உதைத்த உதை அது.

சேலத்தில் பிசியோதெரபி. ரஞ்சனி என்ற பெண் பார்த்தாள். குப்புறப் படுக்க வேண்டும். முகத்துக்கு நேரே கட்டிலில் ஓட்டை. அதன் வழியே தரையும் அவள் பாதங்களும் மட்டும் தெரியும். கணுக்காலைப் பிடித்து முழங்காலை மெல்ல மடக்குவாள். தொடை நரம்பு இழுபடும்.

"வலிச்சா சொல்லுங்கக்கா" என்பாள். சொன்னதும் விட்டுவிடுவாள்.

ஆறாம் நாள். மதியம் 3.40. அவள் போன் அடித்தது.

"அப்படியே படுத்திருங்கக்கா, வாரேன்."

3.42. கணுக்காலில் கை பட்டது. ஈரமாக, சேறு போல வழுவழுவென்று...

முழங்கால் மடங்கியது.

"வலிக்குது கண்ணு..."

கை நின்றது. பிறகு, இன்னும் மடக்கியது.

"போதும் கண்ணு!"

இன்னும்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். கை காத்திருந்தது. நான் அழவேண்டும் என்று காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும். பதினான்கு வருடம் அதனோடு குடும்பம் நடத்தியவள் நான்.

ஆனால் என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய் இரண்டு மாதம் ஆகிறது.

ஓட்டை வழியே பார்த்தேன்.

தரை. பாதங்கள் இல்லை.

வெளியே, படிக்கட்டில், ரஞ்சனி போனில் பேசும் சத்தம்...

குதிகால் பிட்டத்தில் இடித்தது.

டக்.

அலறினேன். ரஞ்சனி ஓடிவந்தாள்.

"அக்கா, காலை எறக்குங்க!"

நான் தூக்கவில்லை. கால் தானாக மடங்கி நின்றது. அவள் இரண்டு கைகளாலும் அழுத்தியும் இறங்கவில்லை. 3.51க்குப் பொத்தென்று விழுந்தது. இன்றுவரை அந்தக் காலில் உணர்ச்சி இல்லை.

இரவு எட்டு மணிக்கு, அவரோடு வேலை செய்யும் செங்கோடன் போன் செய்தார். இரும்பு ராடு சரிந்து விழுந்து குணசீலன் செத்துப்போனாராம்.

"எத்தன மணிக்குங்க?"

"மூணு நாப்பது இருக்குமுங்க. கடைசியா உங்க பேரைத்தான் சொன்னாருங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வலது கைதானுங்க... எதையோ இறுக்கிப் புடிச்ச மாதிரியே இருக்குது. ஆஸ்பத்திரிலயும் விரிச்சுப் பாத்தாங்க, முடியல. அப்படியேதான் ஊட்டுக்குக் கொண்டாரோமுங்க."