தெருப்பக்கச் சுவரின் ஈரம்

நெய்வேலி நகரியக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் கட்டடப் பிரிவில் முதுநிலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரியில் முறையாகப் பொறியியல் பயின்று அப்பணிக்கு வந்தவன். ஈரம் காயாத சுவரின் மேல் வெள்ளையடித்ததைச் சரியென்று நான் ஒருமுறையும் ஒப்புக்கொண்டதில்லை. உயர் அதிகாரிகள் பார்வையிட வரும் நாட்களில் அதற்கு நெருக்கடி வந்ததுண்டு. நான் கையெழுத்திட மறுத்ததை அன்று உடன் பணியாற்றியவர்கள் அறிவர்.

குவார்ட்டர்ஸ்களில் குழாய்கள் சுவருக்கு வெளியே ஓடும். கசிந்தால் உடனே கண்ணில் படும். நகரியத்துக்கு வெளியே சொந்த வீடு கட்டியபோது, எல்லோரையும் போல நாங்களும் குழாய்களைச் சுவருக்குள் பதித்தோம். அவற்றில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் சென்ற ஆவணியில் உள்ளே விரிசல் விட்டது. தெருப்பக்கச் சுவர் ஆளுயரத்துக்கு ஊறியது. அனல்மின் நிலையப் புகைக்கரி காற்றில் வந்து ஈரத்தில் படிய, வீட்டின் முகமே கறுத்துவிட்டது.

குழாயை மாற்றினேன். ஊறிய பூச்சைச் செங்கல் தெரியுமளவு கொத்தி எடுக்கச் செய்தேன். பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே.

காத்திருக்கத்தான் காலம் இல்லை. தை மாதம் எனக்கு எழுபது நிறைவுச் சடங்கு வைத்திருந்தோம். மனைவி இதய நோயால் மருத்துவமனையில் இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். வாசலில் பந்தலிட்டு, அந்தச் சுவருக்கு முன்னால் மணையில் என்னருகே அமர வேண்டும் என்பது அவள் ஆசை.

"ஏங்க, நாலு பேர் வர்ற எடம். சொறி புடிச்ச மாதிரி நிக்குது. பூசிப் பெயிண்ட் அடிச்சிடலாமே."

"ஈரத்து மேல அடிச்சா ஆறு மாசத்துல உரிஞ்சு வரும்."

"வரட்டும். அதுக்குள்ள தை வந்து போயிடும்ல."

நான் இணங்கவில்லை. நிறத்தை மட்டும் அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வெளிர் மஞ்சள் என்றாள்.

சுவரில் ஒரு பாலித்தீன் தாளை வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டிவிட்டு மறுநாள் பார்ப்பேன். உட்புறம் நீர் முத்து முத்தாகத் துளிர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று பொருள். எதிர்வீட்டுக்காரர் காடாம்புலியூரைச் சேர்ந்தவர். சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்.

"என்னா சார், தெனம் பிளாஸ்திரியப் பிரிச்சிப் பிரிச்சிப் பாத்துக்கினு இருக்கீங்க. பேஷண்டுக்கு எப்ப டிஸ்சார்ஜ்?"

நாற்காலியில் சாய்ந்திருந்த என் மனைவி, "என்னைய விட அதுக்குத்தான்ணே கவனிப்பு அதிகம்" என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பூச்சில்லாத செங்கல், சாரலையெல்லாம் குடித்தது. தார்ப்பாய் கட்டினேன், காற்று அதைக் கிழித்தது. காலையில் உள்ளிருந்து அவள் கேட்பாள்: "தண்ணி நிக்குதா?"

"நிக்குது."

வர வர அந்தக் குரல் மெலிந்தது. கடைசியில் கேட்பதும் நின்றது; நான் மட்டும் உள்ளே சென்று சொல்லிவந்தேன். கார்த்திகையில் அவள் காலமானாள். தைக்கென்று பேசி வைத்திருந்த பந்தல்காரரே வந்து, மேளத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் நாற்காலிகளைப் போட்டார். அவளைக் கிடத்தியது அந்தச் சுவருக்கு முன்னால்தான். வந்தவர்கள் முகத்தைப் பார்த்தபின் சுவரைப் பார்த்தார்கள்.

அவள் உறவுப் பெண் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள்: "ஒரு செவுத்துக்குப் பெயிண்ட் அடிக்க மனசு வரல பாரு. அந்தக் கொறையோடவே போயிட்டா."

அந்தப் பேச்சு இன்றும் தெருவில் உலவுகிறது. செலவுக்கு அஞ்சினேன் என்கிறார்கள் சிலர். அவள் போன துக்கத்தில்தான் சுவரை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன் என்று பரிந்து பேசுகிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. வெளிர் மஞ்சள் பெயிண்ட், அவள் இருக்கும்போதே வாங்கியது, மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இன்று காலையும் தாளைப் பிரித்துப் பார்த்தேன். சுவர் காயவில்லை.